மணல் வளவில் நடைபாதை, கிணற்றடி, பாத்திக் கரை: குறைந்த செலவில் நாமே செய்ய

கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கடலிலிருந்து அரைக் கிலோமீற்றர் தள்ளி 12 பேர்ச் வளவு. வீட்டைக் கட்டி முடித்ததோடு கையிலிருந்த காசும் முடிந்துவிட்டது. கேற்றிலிருந்து வாசல் வரை 30 அடிக்கு ஒரு நடைபாதை வேண்டும், கிணற்றடி சேறாகக் கிடக்கிறது, இரண்டு மூன்று பாத்திகளுக்குக் கரை கட்டவேண்டும், முடிந்தால் மாமரத்தடியில் உட்கார ஓர் இருக்கை. இன்டர்லொக் கல் பதிக்கச் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. "நானும் மகனும் சனி, ஞாயிறில் நாங்களே செய்யலாமா அண்ணன்? எதிலிருந்து தொடங்குவது?" என்பதுதான் கேள்வி.

செய்யலாம் தங்கச்சி. நீங்கள் கேட்ட நான்கில் மூன்றை நீங்களும் மகனும் முழுதாகவே செய்து முடிக்கலாம். கிணற்றடிக்கு மட்டும் ஒரு மேசனை ஒரு நாளைக்குக் கூப்பிடுங்கள், அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் கல் வாங்குவதற்கும் சீமெந்து வாங்குவதற்கும் முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. அதில்தான் நம் பக்கத்து வேலைகள் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன.

என்னுடைய வளவு ஆரையம்பதியில். உங்களுடையதைப் போலவே வெறும் மணல். 2010 நடுப்பகுதியில், பழைய வீடு ஒன்றை உடைத்த செங்கல் மலிவாகக் கிடைத்தது என்று, நானே ஒரு நடைபாதை பதித்தேன். மணலை மட்டம் செய்து, மேலே கல்லை அடுக்கி, இடைவெளியில் மண்ணைத் தூவிக் கூட்டிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. 2011 தை மாதம் மட்டக்களப்பு முழுக்க வெள்ளம் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வளவில் வெள்ளம் நிற்கக்கூட இல்லை, கூரைத் தண்ணீர் ஓடிப் போனது மட்டும்தான். மழை விட்ட பிறகு பார்த்தால், பாதையின் ஒரு பக்க ஓரத்தில் இருந்த கற்கள் அந்தரத்தில் நின்றன. அடியில் இருந்த மணல் விரல் விரலாக அரித்துப் போயிருந்தது. கால் வைத்தால் கல் புரண்டது. இரண்டு கிழமை உழைப்பு, நாற்பது ஐம்பது கல்லைத் திரும்பக் கிளப்பவேண்டி வந்தது.

அப்போது பக்கத்து வீட்டு வயதான மேசன் ஒருவர் வந்து குந்தியிருந்து, ஓரத்து மணலை விரலால் கிண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது மணல் நிலம். பாரத்துக்குத் தாழாது. தண்ணிக்குத்தான் ஓடும். நீ கல்லப் பாத்த, ஓரத்தப் பாக்கல்ல." அன்றைக்குப் பிறகு நான் செய்த, செய்வித்த வேலை எல்லாவற்றிலும் இந்த இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறேன். தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? ஓரத்தை எது பிடித்துக்கொண்டிருக்கும்? கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள் அதை இந்த இரண்டுக்கும் செலவழிக்கவேண்டும். மேலே தெரிகிற கல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆகவே முதல் வேலை பார்ப்பதுதான். நமக்குப் பெரும்பாலான மழை ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவத்தோடு வந்துவிடும். வருடத்து மழையை மூன்று நான்கு மாதத்தில் கொட்டுகிற ஊர் இது. போன மாரியில் உங்கள் வளவில் தண்ணீர் எங்கே நின்றது, கூரை பீலியிலிருந்து விழுந்தது எந்தப் பக்கம் ஓடியது, றோட்டுத் தண்ணீர் கேற்றுக்குள் வந்ததா என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டு ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். ஞாபகம் இல்லையென்றால் கேற்றடியில் இரண்டு குடம் தண்ணீரைக் கவிழ்த்துப் பாருங்கள். மணலில் உடனே உறிஞ்சிவிடும்தான், ஆனால் இறக்கம் எந்தப் பக்கம் என்று தெரியும். நடைபாதை அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே அணைபோலக் கிடக்கக்கூடாது. குறுக்கே போய்த்தான் ஆகவேண்டுமென்றால், அந்த இடத்தில் ஒரு நாலங்குல பைப்பை அடியில் புதைத்து வழி விடுங்கள். இல்லாவிட்டால் பாதையின் மேல்பக்கம் குளமாகி, நுளம்பு பெருகும்.

வேலைக்கு நல்ல காலம் மாசி பிற்பகுதியிலிருந்து புரட்டாதி வரை. அதிலும் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கொங்கிறீற் போடுவதென்றால் விடியற்காலையில் போடுங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. அந்தச் சுடுகாற்று ஈரத்தை மேலிருந்து உறிஞ்சி எடுத்துவிடும். கலவை இறுகுவதற்கு முன்பே மேலே மயிர்போல வெடிப்பு விழும்.

இனிப் பொருள். மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கல்லடிக்காரருக்கு இதில் ஒரு பெரிய ஆசை இருக்கிறது. கடற்கரை பக்கத்தில் கிடக்கிறது, இரண்டு சாக்கு அள்ளினால் யாருக்குத் தெரியும் என்று. தயவுசெய்து வேண்டாம். அனுமதி இல்லாமல் அள்ளுவது சட்டப்படி குற்றம். அதைவிட, 2004 கடல்கோளுக்குப் பிறகும் அந்தக் கரையில் வாழ்கிற நமக்குக் கரையிலுள்ள மணல்மேடு எவ்வளவு பெறுமதி என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வேலைக்கும் அது கூடாது. கடல் மணலில் இருக்கிற உப்பு கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். துரு கம்பியின் உடம்பைவிடப் பருத்து, உள்ளிருந்து கொங்கிறீற்றைப் பிளக்கும். கம்பி இல்லாத வேலையாக இருந்தாலும் செங்கல்லிலும் பூச்சிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். உவர்ப்பான கிணற்றுத் தண்ணீரில் கலவை குழைத்தாலும் இதேதான். உங்கள் கிணறு உவர்ப்பென்றால் குழாய்த் தண்ணீரை ஒரு பரலில் பிடித்துவைத்துக் குழையுங்கள்.

ஆற்று மண்ணையும் பார்த்து வாங்கவேண்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் அரைவாசிக்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நன்றாகக் குலுக்கி, ஒரு மணித்தியாலம் அசைக்காமல் வையுங்கள். மணல் அடியில் படியும், அதன்மேல் களி மெல்லிய படலமாகப் படியும். மணல் 10 சென்றிமீற்றர் என்றால் களி 6, 7 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேல் போனால் அந்த மண் கழுவாமல் கலவைக்கு ஆகாது. உள்ளங்கையில் ஈர மண்ணைத் தேய்த்து உதறினால் கை சேறாக ஒட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது இன்னும் சுலபம்.

நல்ல செய்தி என்னவென்றால், உங்களுக்கு மண் அதிகம் தேவையில்லை. ஒரு கியூப் என்பது 100 கன அடி. உங்கள் நடைபாதைக் கல் முழுவதையும் வார்க்க 10 கன அடி ஆற்று மண் போதும். கிணற்றடிக்கும் கரைகளுக்கும் இன்னும் கொஞ்சம். பக்கத்தில் யாராவது வீடு கட்டினால் அவர்களுடைய மிச்சத்தில் வாங்குங்கள், அல்லது கால் கியூப் ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டியில் இறக்கச் சொல்லுங்கள். கல்லுக்கு அடியில் படுக்கையாகப் போடத் தேவையான மணலை வாங்கவே வேண்டாம். உங்கள் வளவைத் தோண்டினால் வருவதே அது. மேலே இருக்கிற கறுப்பு மண்ணையும் வேரையும் விலக்கிவிட்டு அடியில் வருகிற வெள்ளை மணலை அரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைபாதைக்கு வருவோம். இன்டர்லொக் கல்லை மறந்துவிடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இரண்டங்குலத் தடிப்பில் கொங்கிறீற் பலகைக் கல்லை நீங்களே வார்க்கலாம். 3 அடி அகலத்துக்கு 30 அடி முழுவதும் பதிப்பதென்றால் 40 கல். ஒரு அந்தர் சீமெந்து, அதாவது 50 கிலோப் பை, இப்படிப் பன்னிரண்டு கல்லுக்கு வரும். மூன்றரைப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கூடுதலென்றால் இன்னொரு வழி: ஒற்றை வரிசையில், ஒரு எட்டு வைக்கிற தூரத்துக்கு, நடுவுக்கு நடு 2 அடி வருகிறமாதிரி ஒவ்வொன்றாகப் பதியுங்கள். 15 கல்லில் பாதை முடிந்துவிடும். சீமெந்து ஒன்றேகால் பை. இடையில் புல் வளரட்டும். நானாக இருந்தால் முதலில் இதைத்தான் செய்வேன். பிறகு காசு வரும்போது பக்கத்தில் இன்னொரு வரிசை சேர்க்கலாம். வயதானவர்கள் வீட்டில் இருந்தாலும், சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ உருட்டிக்கொண்டு வருவதென்றாலும் மட்டும் முழுப் பாதைக்குப் போங்கள்.

அச்சுக்கு இரண்டங்குல உயரமான மரச் சட்டம் நான்கை ஆணி அடித்து இணைத்தால் போதும். இரண்டு மூலையில் ஆணிக்குப் பதிலாகக் கொளுக்கி போட்டால் கழற்றச் சுலபம். அப்படி நான்கு அச்சுச் செய்துகொண்டால் சனிக்கிழமை நான்கு, ஞாயிற்றுக்கிழமை நான்கு. இரண்டு கிழமையில் பதினைந்து தாண்டிவிடும். அச்சின் உட்பக்கத்துக்குப் பாவித்த எஞ்சின் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசுங்கள். ஊற்றவேண்டாம், பூசினால் போதும்.

கலவை ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று. ஒரு 12 லீற்றர் வாளி சீமெந்து, அதே வாளியால் இரண்டு மண், மூன்று அரை இஞ்சிச் சல்லி. முக்கால் இஞ்சிச் சல்லி இரண்டங்குலக் கல்லுக்குப் பெரிது. முதலில் மண்ணையும் சீமெந்தையும் உலர்வாகவே, சாம்பல் நிறம் ஒரே சீராக வரும்வரை மண்வெட்டியால் புரட்டுங்கள். பிறகு சல்லி. கடைசியாகத் தண்ணீர். இந்த அளவுக்கு 8 லீற்றருக்கு மேல் போகவே கூடாது. மண் ஈரமாக இருந்தால் 6 லீற்றரிலேயே நிற்கும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் பிழைவிடுகிற இடம் இதுதான். கலவை இறுக்கமாக இருக்கிறது, கிளற முடியவில்லை என்று இன்னும் ஒரு கோப்பை, இன்னும் ஒரு கோப்பை என்று ஊற்றுவார்கள். கலவை கஞ்சியாகும், வேலை சுகமாக இருக்கும், கல் இரண்டு வருடத்தில் பொடியாக உதிரும். ஒரு பிடி அள்ளி உருண்டை பிடித்துப் பாருங்கள். உருண்டையாகவே நிற்கவேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக்கூடாது. அவ்வளவுதான் பதம்.

அச்சுக்குள் இரண்டு தடவையாகப் போடுங்கள். பாதி போட்டதும் ஒரு கம்பித் துண்டால் மூலை மூலையாகக் குத்துங்கள். நிரம்பியதும் சட்டத்தின் வெளிப்பக்கத்தைச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். தட்டத் தட்ட மேலே சின்னச் சின்னக் குமிழி வெடிக்கும். குமிழி நின்று, மேற்பரப்பு எண்ணெய் பூசியதுபோல மினுங்கத் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள். மட்டப்பலகையால் இழுத்து விட்டுவிட்டு, ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் காத்திருங்கள். அந்த மினுக்கம் மங்கியதும் ஈர்க்கில் விளக்குமாற்றால் ஒரே திசையில் மெதுவாக ஒரு இழுப்பு. அந்த வரி இருந்தால் மழையில் வழுக்காது. மினுக்கம் போகுமுன் இழுத்தால் வரி மூடிக்கொள்ளும். கண்ணாடிபோலத் தேய்க்க ஆசைப்படாதீர்கள், மார்கழி மாதம் பாசி பிடித்தபின் அதில் அம்மாவோ அப்பாவோ விழுந்தால் என்ன செய்வது?

மறுநாள் அச்சைக் கழற்றலாம். கல்லைத் தூக்கவேண்டாம், அப்படியே கிடக்கட்டும். மேலே ஈரச் சாக்குப் போட்டு, காலையும் மாலையும் நனைத்து, குறைந்தது ஏழு நாள் காயவிடாமல் வைத்திருங்கள். கொங்கிறீற் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போனால் இறுகுவது அந்த இடத்தில் நின்றுவிடும். சாக்கு இல்லாவிட்டால் தென்னோலை, பழைய சாரம், வைக்கோல், எதுவென்றாலும் சரி. முழுப் பலத்துக்கு 28 நாள் கணக்கு. பதிப்பதற்கு இரண்டு கிழமை பொறுத்தால் போதும்.

பதிக்கிற வேலை நூலில் தொடங்குகிறது. இரண்டு முளை அடித்து நூல் கட்டுங்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க 3 அடி, 4 அடி, 5 அடி அளவு போதும்: ஒரு பக்கம் 3, மற்றப் பக்கம் 4 அளந்து குறி வைத்தால், குறிக்குக் குறி 5 அடி வரவேண்டும். மட்டம் பார்க்க ரசமட்டம் வாங்கவேண்டும் என்பதில்லை. உள்ளே தண்ணீர் தெரிகிற 20 அடி பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நம் மேசன்மார் இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறார்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தங்குலம் தோண்டுங்கள். அடியைத் தண்ணீர் விட்டு நனைத்துத் திமிசுக்கட்டையால் குத்துங்கள். மணல் உலர்வாக இருக்கும்போது எவ்வளவு குத்தினாலும் விலகி விலகித்தான் போகும். நனைந்தால் தானாகவே அமரும். திமிசுக்கட்டைக்கு ஒரு பழைய பெயின்ற் வாளியில் கொங்கிறீற் நிரப்பி நடுவில் ஒரு தடியை நட்டுக் காயவிட்டால் போதும். அதன்மேல் மூன்றங்குலம் கிரவல் போட்டு, நனைத்துக் குத்துங்கள். அதற்கு மேல் ஒரு அங்குலம் உங்கள் வளவு மணல். பிறகு கல். கூட்டிப் பார்த்தால் ஆறங்குலம் வரும், தோண்டியது ஐந்து. ஆக, பாதை தரையைவிட ஒரு அங்குலம் உயர்ந்து நிற்கும். அது வேண்டுமென்றே செய்வது. தரையோடு தரையாக இருந்தால் ஒவ்வொரு மழைக்கும் மணல் மேலே வந்து படியும். அகலத்தில் ஒரு பக்கத்துக்கு அரையங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சரிவு கொடுங்கள். ஐந்தடிக்கு ஒரு அங்குலம் என்பது பொதுக் கணக்கு.

ஒற்றை வரிசைக் கல்லென்றால் இத்தோடு முடிந்தது. முழுப் பாதையென்றால் ஓரம் கட்டவேண்டும். இரண்டு பக்கமும் செங்கல்லை விலாப்புறமாக நிறுத்தி வரிசையாகப் புதையுங்கள். மொத்தம் 60 அடிக்கு ஏறக்குறைய 90 கல் வரும். வெளிப்பக்கத்தில் கல்லின் அடியோடு ஒட்டி, சீமெந்து குறைந்த கலவையைச் சரிவாக அணைத்து வையுங்கள். தரைக்குக் கீழே மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. 2011-ல் என் பாதையில் இல்லாமல் போனது இந்த ஒரு பிடி கலவைதான்.

படுவான்கரைப் பக்கம், அதாவது கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு சொல். உங்கள் மண் வேறு. வயல் களி மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும். மூன்றங்குலக் கிரவல் அங்கே போதாது, களியை வெட்டி எடுத்துவிட்டு ஆறங்குலமாவது போடுங்கள். ஈரக் களியைக் குத்தி இறுக்கப் பார்ப்பதும் வீண். கொஞ்சம் உலர்ந்த பிறகுதான் அது அமரும்.

கிணற்றடிக்கு மேசன் வேண்டும் என்றேன். காரணம், அங்கே பிழைவிட்டால் குடிக்கிற தண்ணீர் கெடும். நம் மணலில் நிலத்தடி நீர் சில அடியிலேயே கிடக்கிறது. மேலே ஊற்றுகிற சவர்க்காரத் தண்ணீர் வடிபடாமல் நேரே கீழே இறங்கிவிடும். மலக்குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கவேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். 12 பேர்ச் வளவில் பக்கத்து வீட்டு மலக்குழியையும் சேர்த்து அளந்து பாருங்கள். கிணற்றைச் சுற்றி நாலடி அகலத்துக்குக் கொங்கிறீற் நிலம், நான்கங்குலத் தடிப்பு, கிணற்றிலிருந்து வெளியே நாலடிக்கு ஒரு அங்குலச் சரிவு. முக்கியமான இடம் கிணற்றுக் கட்டும் நிலமும் சந்திக்கிற மூலை. அந்த மூலை வெடித்தால் அழுக்குத் தண்ணீர் அதன்வழியே உள்ளே இறங்கும். அந்த மூலையைச் சரித்துப் பூசி அடைக்கவும் சரிவு பிடிக்கவும் கை பழகியவர் வேண்டும்.

செலவைக் குறைக்க, மேசன் வருமுன் தோண்டுவது, குத்துவது, சல்லி சுமப்பது, அச்சுப் பலகை அடிப்பது எல்லாவற்றையும் நீங்களே முடித்துவையுங்கள். கொங்கிறீற் போடுமுன் மணலின் மேல் பொலித்தீன் விரியுங்கள், வெற்றுச் சீமெந்துப் பையை வெட்டி விரித்தாலும் போதும். இல்லாவிட்டால் மணல் கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஐந்தடிக்கு ஒரு தரம் பிரிப்பு விடச் சொல்லுங்கள். நிலம் எப்படியும் வெடிக்கத்தான் போகிறது, நாம் சொல்லுகிற இடத்தில் வெடிக்கட்டும். வெளி ஓரத்தில் ஒரு சின்னக் கான் எடுத்து வாழைப் பாத்திக்கு விடுங்கள். கிணற்றடி வாழை நம் ஊரில் சும்மா வந்ததல்ல, அந்தத் தண்ணீரைக் குடித்து முடிக்கவே வைத்தது. இரண்டு நாள் யாரும் மிதிக்காமலும் குளிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத்திக் கரைக்கு உடைந்த வீட்டுச் செங்கல்தான் சிறந்தது. வாங்கும்போது இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். கிணீர் என்று ஒலித்தால் நன்றாக வெந்த கல். மொத்தென்று கேட்டால் வேகாதது, இரண்டு மாரியில் கரையும். நகத்தால் கீறினாலும் தெரியும். பழைய கலவை ஒட்டியிருந்தால் கத்தியின் பின்பக்கத்தால் தட்டி எடுத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறப்போட்டபின் கட்டுங்கள். உலர்ந்த கல் கலவையிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடும், ஒட்டாது. நாலங்குல உயரத்துக்கு மேல் வேண்டாமென்றால் கலவையே இல்லாமல் கல்லை நிறுத்திப் பாதி புதைத்துவிடலாம். அதற்கு மேல் இரண்டடி வரை ஒன்றுக்கு ஐந்து கலவையில் கட்டலாம். அடி வரிசையில் மூன்றடிக்கு ஒரு இடைவெளியைப் பூசாமல் விட்டுவிடுங்கள், தண்ணீர் வெளியே வர. இரண்டடிக்கு மேல் மண்ணைத் தாங்குகிற சுவரை நீங்கள் கட்டாதீர்கள். தென்னங்குற்றியால் கரை போடலாமா என்று பலர் கேட்பார்கள். முதல் வருடம் நன்றாக இருக்கும், பிறகு கறையான் வந்துவிடும்.

தென்னை நிற்கிற இடத்தில் அடியைச் சுற்றி ஆறடிக்குக் கல்லும் வேண்டாம், சீமெந்தும் வேண்டாம். பசளையும் தண்ணீரும் எடுக்கிற வேர் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. மாமரத்தையும் அதேபோல விட்டு, பாதையை வளைத்துக் கொண்டுபோங்கள். வளைந்த பாதை அழகாகவும் இருக்கும்.

மாமரத்தடி இருக்கைக்குக் கம்பி போட்ட கொங்கிறீற் பலகை நினைத்திருப்பீர்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்றங்குலத் தடிப்பென்றால் நிறை 100 கிலோ. தூக்கி வைக்க நான்கு பேர் வேண்டும், கை நசுங்கும் வேலை. கடலுக்கு இவ்வளவு கிட்ட, மெல்லிய பலகைக்குள் இருக்கிற கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். சீமெந்துக் கல்லில் இரண்டு கால் கட்டி, மேலே வைரம் பாய்ந்த பனங்கட்டை இரண்டைச் சீவி வையுங்கள். கறையானும் எளிதில் தொடாது, வெயிலில் சுடவும் சுடாது, கம்பி, சல்லி ஒன்றும் வேண்டாம். பழைய கூரை பிரித்த வீடுகளில் பனங்கட்டை கேட்டுப் பாருங்கள்.

சீமெந்தை அந்தந்தக் கிழமைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். நம் கடற்காற்றில் திறந்த பை இரண்டு கிழமையிலேயே கட்டி கட்டியாகிவிடும். சில ஹாட்வெயார் கடைகளில் கிலோக் கணக்கிலும் தருகிறார்கள். மூடிய பையையும் நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். விரலால் நசுக்கினால் பொடியாகிற கட்டி பரவாயில்லை, கல்லாக நிற்பதை விலக்கிவிடுங்கள். குழைத்த கலவையை ஒரு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு மறுபடி இளக்கிப் பாவிக்கவேண்டாம்.

மகன் கூட நிற்பார் என்றீர்கள். ஈரச் சீமெந்து தோலைத் தின்னும். வேலை செய்யும்போது தெரியாது, இரவில்தான் விரலிடுக்கு எரியும். இறப்பர்க் கையுறை இருவருக்கும் கட்டாயம். முழங்கால் ஈரக் கலவையில் படக்கூடாது. உலர்ந்த சீமெந்தைக் கொட்டும்போது காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், மூக்கைத் துணியால் கட்டுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் இருபது நிமிடம் விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லாம் முடிந்து, ஐப்பசியில் முதல் பெரிய மழை கொட்டும்போது வீட்டுக்குள் இருக்காதீர்கள். குடையை எடுத்துக்கொண்டு பாதை முழுவதும் ஒருதரம் நடந்து பாருங்கள். எந்தக் கல்லின் மேல் தண்ணீர் நிற்கிறது, எந்த ஓரத்தில் மணல் கலங்கி ஓடுகிறது என்று குனிந்து பார்த்து, அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். மழை விட்ட மறுநாளே அந்தக் கல்லைக் கிளப்பி அடியில் மணல் இட்டு உயர்த்துங்கள், ஓரத்துக்கு ஒரு தாச்சிக் கலவை வையுங்கள். இரண்டாவது மழைக்கு விட்டால் ஒரு கல் இடம் ஐந்து கல் இடமாகிவிடும்.